கொப்பரைக்குள் வைத்த படிவம்

ஒத்தக்கடை
24.10.2025, இரவு

அத்தைக்கு,

முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாருக்கும் காட்டாதீர்கள். உங்கள் மேனேஜருக்கு, கூட நடிப்பவர்களுக்கு, சமைக்க வரும் அக்காவுக்குக்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துவிடுங்கள். கிழிக்க மனம் வராவிட்டால் உங்கள் கை மட்டும் போகிற இடத்தில் வையுங்கள். இது வெளியே தெரிந்தால் எனக்கு மட்டுமல்ல, அம்மாவுக்கும் ஆபத்து.

நான் ரோகிணி. உங்கள் அண்ணன் கண்ணுச்சாமியின் மகள். கடைசியாக நீங்கள் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. ரயில்வே அணியின் நீல பனியனோடு வந்து, என்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு கூடம் முழுக்க ‘கபடி கபடி’ என்று பாடி ஓடினீர்கள். மூச்சு விடாமல் எத்தனை சுற்று ஓடுவீர்கள் என்று நான் எண்ணினேன். ஏழு சுற்று. அதற்குப் பிறகு உங்களை டிவியில் மட்டும்தான் பார்க்கிறேன். அதுவும் அப்பா மினிபஸ்ஸில் கடைசி டிரிப் ஓட்டிக்கொண்டிருக்கும்போது, சத்தத்தைக் குறைத்து வைத்து. உங்கள் பேர்கூட டிவியில் பாண்டிமீனா இல்லை, ஆதிரை.

அத்தை, நானும் ஆடுகிறேன். பள்ளி அணியில் லெப்ட் கார்னர். அப்பாவுக்குத் தெரியாது. மாலையில் கணக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு ஆடுகிறேன். எங்கள் பி.டி. டீச்சர் ஹெப்சிபா மிஸ்தான் சொல்லிக்கொடுக்கிறார். போன மாதம் சென்னையிலிருந்து ஒரு கபடி அகாதமிக்காரர்கள் ஆள் எடுக்க வந்தார்கள். மதுரை மாவட்டத்தில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஒருத்தி நான். தங்குவது, படிப்பது, ஆடுவது எல்லாம் அங்கேயே. ஜனவரியில் சேர வேண்டும். டிசம்பர் 22ஆம் தேதி படிவத்தையும் அசல் சான்றிதழ்களையும் மதுரையில் நேரில் கொடுக்க வேண்டும்.

அப்பா ஒருபோதும் சம்மதிக்க மாட்டார். வீட்டில் கபடி என்ற சொல்லே கூடாது. ரெண்டு வருடத்துக்கு முன்னால் நீங்கள் அந்த டிவி நிகழ்ச்சியில் அழுதுகொண்டே சொன்னீர்களே, அண்ணன் உங்கள் கபடி டவுசரை வாசலில் போட்டு எரித்தார் என்று. அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு அப்பாவைப் பார்த்தால் பயம். என் ஆட்ட உடையை டீச்சர் அறையிலேயே விட்டுவிட்டு வருகிறேன்.

படிவத்தில் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டது. அப்பாவுக்குத் தெரியாமல்தான். இன்னொரு கட்டம் காலியாக இருக்கிறது. சென்னையில் பாதுகாவலர் ஒருவர் வேண்டுமாம். எனக்குச் சென்னையில் உங்களை விட்டால் யாரும் இல்லை. ஒரு தாளில் சம்மதம் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப முடியுமா? வந்ததும் மற்றவற்றோடு சேர்த்து வைத்துவிடுவேன். எல்லாம் பரணில் இருக்கும் பெரிய இட்லிக் கொப்பரைக்குள் பாலிதீன் பையில் பத்திரமாக இருக்கிறது. தீபாவளிக்கு இறக்கிக் கழுவி மேலே ஏற்றியாயிற்று. இனிப் பொங்கலுக்குத்தான் அதை யாரும் தொடுவார்கள்.

பதிலை ஹெப்சிபா மிஸ் பேருக்குப் பள்ளி முகவரியில் அனுப்புங்கள். அவர் போனில் பேச வேண்டாம். அப்பா வந்து கேட்டால் தன்னால் பொய் சொல்ல முடியாது என்கிறார். உறை என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது என்று உண்மையாகவே சொல்லிவிடலாமாம்.

உங்கள்
ரோகிணி


சென்னை
1.11.2025

ரோகிணி கண்ணு,

உறையின் மேல் பள்ளிக்கூட முத்திரையைப் பார்த்ததும் யாரோ ஆண்டுவிழாவுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து இரண்டு நாள் பிரிக்காமலே வைத்திருந்தேன். மன்னித்துக்கொள். மேக்கப் போட உட்கார்ந்தபோது பிரித்தேன். பாதி மேக்கப்போடு எழுந்து போய் கேரவனின் கதவைச் சாத்திக்கொண்டேன். மூன்று முறை படித்தேன்.

நம் குடும்பத்தில் இன்னொருத்தி ஆடுகிறாள். அதுவும் கார்னர். நான் ரைடர், தெரியும்தானே? எனக்குக் கார்னரில் நிற்கிறவர்களைக் கண்டாலே ஆகாது. என் வலது கணுக்காலைக் கேட்டால் சொல்லும்.

சம்மதக் கடிதம் உள்ளே இருக்கிறது. என் உண்மைப் பெயரில், பழைய கையெழுத்தில். பத்திரம்.

என்னைப் பற்றி நீ என்ன கேள்விப்பட்டாயோ தெரியாது. முட்டி போன பிறகு ரயில்வேயில் என்னை ஒரு மேசையில் உட்காரவைத்தார்கள். அப்போது ஒரு படத்துக்குக் கதாநாயகிக்குக் கபடி சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். போனேன். எதிரணியில் ஆள் குறைகிறது, நீயே நில் என்றார்கள். நின்றேன். அடுத்த படத்தில் வில்லனின் தங்கை. பிறகு சீரியல். இப்போது இந்த சீரியலில் நான்தான் முக்கியம், கபடிப் பயிற்சியாளர் வேடம். ஓடு, குதி, அடி என்றால் செய்துவிடுவேன். அழச் சொன்னால்தான் வராது. எங்கள் டைரக்டர் எல்லார் முன்னாலும் சொல்வார், “மேடம், நீங்க அழுகுறதப் பாத்தா அம்பயர் அவுட்டு குடுக்குற மாதிரி இருக்கு” என்று. யூனிட்டே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அந்த வேடத்தை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிடலாமா என்று சேனலில் பேச்சு ஓடுவது எனக்குத் தெரியும்.

உன் கடிதத்தைப் படித்தபோது அழுகை தானாக வந்தது. கண்ணாடியில் பார்த்தேன், நன்றாகவே அழுதிருக்கிறேன்.

நிறைய எழுது. மதினி எப்படிக் கையெழுத்துப் போட்டது? என்ன சொன்னது? நீ எங்கே ஒளிந்து ஆடுகிறாய், என்ன பயம், எல்லாம் எழுது. சின்ன விஷயம் என்று எதையும் விடாதே.

அன்புடன்
பாண்டிமீனா அத்தை


ஒத்தக்கடை
10.11.2025, இரவு 11.40

அன்புள்ள அத்தை,

உங்கள் சம்மதக் கடிதம் கிடைத்தது. டீச்சர் உறையைக் கொடுத்தபோது கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தார். நான் சிரித்துவிட்டேன். கொப்பரைக்குள் வைத்துவிட்டேன்.

நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். இதையும் யாருக்கும் காட்டாதீர்கள்.

அம்மா அன்றைக்கு ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தது. நான் முறத்துக்குப் பக்கத்தில் படிவத்தை வைத்தேன். என்னவென்று கேட்டது. சொன்னேன். வெகுநேரம் கல்லையே பொறுக்கியது. பிறகு கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் பேனாவைக் கேட்டது. தங்கப்பொண்ணு என்று எழுத அதற்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று நான் நினைக்கவில்லை. எழுதி முடித்துவிட்டுச் சொன்னது: “எட்டாப்பு வரைக்கும் போயி எம்பேர எழுதப் படிச்சேன். அதுக்கு இன்னைக்குத்தான் ஒரு வேல வந்துருக்கு.”

அப்புறம் என் தலையில் ஒரு குட்டு வைத்து, “ஒங்கப்பன் கேட்டா நான் தூக்கத்துல போட்டேன்னு சொல்லு” என்றது. இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு அம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆட்டத்தில் எனக்குப் பயம் இல்லை. எவ்வளவு பெரிய ரைடர் வந்தாலும் கணுக்காலைத் தவிர வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக்கு வரும்போதுதான் பயம். பஸ்ஸில் வரும்போது முழங்கைச் சிராய்ப்பைத் துப்பட்டாவால் மூடிக்கொள்வேன். அப்பா ஓட்டும் மினிபஸ் எதிரே வந்தால் ஜன்னலுக்குக் கீழே குனிந்துகொள்வேன். ஒரு நாள் அப்பா என் முட்டியைப் பார்த்து என்ன காயம் என்றார். படியில் விழுந்தேன் என்றேன். தேங்காயெண்ணெய் எடுத்து வந்து வைத்தார். இப்படிச் செய்கிறவர் உங்கள் உடையை எப்படி எரித்தார் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

அத்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று அம்மாவிடம் கேட்டால் அது எழுந்து போய்விடுகிறது. நீங்களாவது சொல்லுங்கள். அப்பா நிஜமாகவே எரித்தாரா? உங்களை அடித்தாரா? எனக்குத் தெரிந்தால் அவரிடம் எப்படி நடந்துகொள்வது என்று தெரியும்.

ரோகிணி


சென்னை
19.11.2025

கண்ணு,

இரண்டு ஷெட்யூலுக்கு நடுவே எழுதுகிறேன். உனக்கு முட்டிக்குப் போடும் கேப் ஒரு ஜோடி அனுப்பியிருக்கிறேன். புதிதாகவே தெரியாமல் இருக்க இரண்டு முறை துவைத்துப் போட்டுக்கொள்.

நீ கேட்டது பழைய கதை. அந்த நிகழ்ச்சியில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, உங்கள் வாழ்க்கையில் யார் தடையாக இருந்தார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். யாரும் இல்லை என்றால் கேமராவை நிறுத்திவிடுகிறார்கள். அதெல்லாம் உனக்கு இப்போது வேண்டாம். தேர்வுக்குப் படி. ஆட்டத்தைப் பார்.

ஒரு நல்ல செய்தி. டைரக்டர் போன வாரம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இனி அம்பயர் பேச்சு இல்லை.

அத்தை


ஒத்தக்கடை
4.12.2025, இரவு

அத்தை,

இன்று எட்டரைக்கு உங்கள் சீரியல் பார்த்தோம். நானும் அம்மாவும்.

ஒரு பள்ளிக்கூடத்துப் பெண், கபடி ஆடுகிறவள், ராத்திரியில் உட்கார்ந்து பயிற்சியாளருக்குக் கடிதம் எழுதுகிறாள். “இதை யாருக்கும் காட்டாதீர்கள்” என்று தொடங்குகிறாள். காட்டாதீர்கள் என்று நான் எழுதியதையும் சேர்த்துக் காட்டிவிட்டார்கள், அத்தை.

அப்போதுகூட நான் நம்பவில்லை. எல்லாரும் அப்படித்தானே எழுதுவார்கள் என்று நினைத்தேன். அடுத்த காட்சியில் அந்தப் பெண்ணின் அம்மா முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். கையைத் துடைத்துவிட்டுப் பேனாவைக் கேட்டாள். எனக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிட்டது. ரிமோட்டைத் தேடினேன், அது அம்மா மடியில் இருந்தது. பட்டுப்புடவை கட்டிய அந்த அம்மா சொன்னாள்: “எட்டாப்பு வரைக்கும் போயி எம்பேர எழுதப் படிச்சேன்.” பின்னால் வயலின் வாசித்தார்கள்.

அம்மா தன் வாயிலிருந்து யாரோ பிடுங்கினதுபோல உதட்டை விரலால் தொட்டுப் பார்த்தது. பிறகு அந்தப் பெண் ஸ்டூலில் ஏறிப் பரணில் இருக்கும் இட்லிக் கொப்பரையைத் திறந்து படிவத்தை உள்ளே வைத்தாள். மூடியைக்கூட கிட்டத்தில் காட்டினார்கள். எங்கள் மூடியின் பிடி போலவே ஒரு பக்கம் கம்பி சுற்றியிருந்தது. அதை நான் எழுதவே இல்லை. நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கொப்பரையில் அவிந்த இட்லியை நீங்களும்தானே தின்றீர்கள்.

கடைசியில் நீங்கள் அந்தக் கடிதத்தைப் படித்து அழுதீர்கள். நன்றாக அழுதீர்கள்.

அம்மா என்னைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அவளுக்கு எல்லாத்தையும் எழுதுனியா?” ஆமாம் என்றேன். “நான் ஒன்னைய நம்பித்தான்டி சொன்னேன்” என்றது. நீங்கள் எனக்குச் செய்ததை நான் அம்மாவுக்குச் செய்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

உடனே ஸ்டூல் போட்டு ஏறிப் படிவத்தை எடுத்துவிட்டோம். இப்போது அது என் பள்ளிப் பைக்குள், அட்லஸில் இருக்கிறது. அப்பா பதினொரு மணிக்கு வந்தார், சாப்பிட்டார், தூங்குகிறார். அவர் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் அவர் பஸ்ஸில் ஏறுகிற எல்லாரும் பார்க்கிறார்கள். கண்டக்டர் மொக்கையன் மாமா போனில் உங்கள் சீரியல் துண்டுகளைப் பார்த்துக்கொண்டேதான் டிக்கெட் கிழிப்பார்.

கடிதத்தை யாரோ திருடிவிட்டார்கள் என்று எழுதுங்கள், அத்தை. நான் நம்பிவிடுவேன்.

ரோகிணி


சென்னை
9.12.2025

ரோகிணி,

யாரும் திருடவில்லை. நான்தான்.

முதலில் வேறு மாதிரி ஒரு கடிதம் எழுதினேன். அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். அந்த அழுகைக் காட்சி எடுக்கும் நாள். கிளிசரின் போட்டும் வரவில்லை. பதினோரு டேக். டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்துப் படித்தேன், எனக்காக மட்டும்தான். பாதியில் குரல் வெளியே வந்துவிட்டது. வசனம் எழுதுகிறவர் பக்கத்தில் நின்றார். “மேடம், இத இன்னொரு தடவ படிங்க” என்றார். படித்தேன். அவ்வளவுதான் நடந்தது. உன்னிடம் இன்னும் எழுது என்று கேட்டேனே, அப்போது நான் எதற்காகக் கேட்கிறேன் என்று எனக்கே முழுதாகத் தெரியாது. இரண்டாவது கடிதம் வந்தபோது தெரிந்தது. தெரிந்தும் அதையும் அந்த வசனக்காரரிடம் கொடுத்தேன்.

உன் பெயர் எங்கும் வரவில்லை. ஊர் பெயர் வரவில்லை. கம்பி சுற்றிய மூடி ஆர்ட் டைரக்டர் கேட்டதற்கு வாயில் வந்துவிட்டது. அதற்கு எனக்காக மதினியிடம் மன்னிப்புக் கேள்.

நீ முன்பு கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அண்ணன் டவுசரை எரிக்கவில்லை. ஆனால் நான் ரயில்வே வேலையை விட்டு நடிக்கப் போன வருடம் பேரையூரில் கோயில் திருவிழாவில், சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் நடுவில், “ஆட்டக்காரின்னு வளத்தேன், கூத்தாடியாப் போயிட்டா” என்று சொன்னது. அன்றைக்கு எரிந்தது டவுசர் இல்லை, நான். டிவிக்காரர்கள் கேட்டபோது அதைத்தான் சொல்ல வந்தேன். அது ஒரு சொல்தானே, காட்ட முடியாதே என்றார்கள். காட்டக்கூடியதாக ஒன்று சொன்னேன்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. அதிலிருந்து உனக்கு நல்லது செய்யப் போகிறேன். அந்தக் காட்சியை இருபது லட்சம் பேர் போனில் பார்த்திருக்கிறார்கள். சேனலில் ஒரு யோசனை சொன்னார்கள். நிஜமான அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நான் போக வேண்டும். பிரிந்த அண்ணனும் தங்கையும் சந்திப்பது, அண்ணன் அங்கேயே படிவத்தில் கையெழுத்துப் போடுவது. சின்ன யூனிட்தான், இரண்டு கேமரா. அண்ணனை எனக்குத் தெரியும். நாலு பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்லத் தெரியாது அதற்கு. மதினியின் கையெழுத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தும் விழுந்துவிடும், நீ தலை நிமிர்ந்து போகலாம். ஒளிக்க வேண்டாம்.

வாரேன் கண்ணு. அடுத்த வாரத்தில் ஒரு நாள், விடியற்காலையில், வீட்டில் எல்லாரும் இருக்கும் நேரத்தில். எந்த நாள் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உன் முகத்தில் தெரிந்துவிடும், ஆச்சரியம் போய்விடும் என்கிறார்கள்.

அத்தை


ஒத்தக்கடை
16.12.2025, விடியற்காலை 4.10

அத்தை,

வராதீர்கள்.

உங்கள் கடிதம் நேற்றுக் காலையில் கிடைத்தது. சம்மதக் கடிதத்தில் நீங்கள் எழுதியிருந்த எண்ணுக்கு மதியம் டீச்சர் போனிலிருந்தே கூப்பிட்டேன். டீச்சர் தானாகவே போனை நீட்டினார். உங்கள் மேனேஜர் எடுத்தார். மேடம் ஷாட்டில் இருக்கிறார் என்றார். மூன்று முறையும் ஷாட்டில் இருந்தீர்கள். விடிந்ததும் இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புவேன். அதற்குள் நீங்கள் கிளம்பாமல் இருக்க வேண்டும்.

நேற்று ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். சொல்லக் கூடாதுதான். ஆனால் சொன்னால்தான் நீங்கள் வராமல் இருப்பீர்கள். வேறு வழி தெரியவில்லை.

நேற்று கடைசி டிரிப்பில் மொக்கையன் மாமா அந்தக் காட்சியை அப்பாவிடம் காட்டியிருக்கிறார். “அண்ணே, ஒங்க வீட்டுக் கொப்பர மாதிரியே இருக்குண்ணே” என்று விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறிக் கொப்பரையை இறக்கிக் கூடத்துக்கு நடுவில் வைத்து மூடியைத் திறந்தார். காலி. அதற்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கத்தவில்லை. அம்மா அடுப்படி வாசலில் நின்றது. அது ஏதோ சொல்ல வாயெடுத்தது, தூக்கத்தில் போட்டேன் என்று சொல்லப் போகிறதோ என்று நினைத்தேன்.

நான் போய் அட்லஸை எடுத்து வந்து படிவத்தை அப்பா கையில் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று கேட்காதீர்கள். அந்தக் காலிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க முடியவில்லை.

எல்லாப் பக்கத்தையும் படித்தார். அம்மாவின் கையெழுத்தில் வெகுநேரம் நின்றார். உங்கள் சம்மதக் கடிதத்தையும் படித்தார். அதை மட்டும் நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “இது வேணாம்” என்றார். நான் அழுதேன். டவுசரை எரித்த மாதிரி இதையும் எரிக்கப் போகிறீர்களா என்று கேட்டுவிட்டேன். எரிக்கவில்லை என்று உங்கள் கடிதத்தில் காலையில்தான் படித்திருந்தேன். தெரிந்தும் கேட்டேன். உங்கள் மேல் இருந்த கோபம் அவர் மேல் விழுந்துவிட்டது.

அப்போதுதான் அம்மா பேசியது. இத்தனை வருடம் நான் கேட்டபோதெல்லாம் எழுந்து போன அம்மா. “என்னத்தடி கண்ட நீ? ஊருக்குள்ள பொம்பளப் புள்ள டவுசரு போட்டுப் போறான்னு கூவுனாய்ங்க. ஒங்கப்பனும் டவுசர மாட்டிக்கிட்டு அவ கூடவே நடந்தாரு. கேலி பூராம் இவரு மேல விழுகட்டும்னு. பஸ் ஸ்டாப்பு வரைக்கும் தெனம் நடந்தாரு, நாலு வருசம்” என்றது.

அத்தை, இதை ஏன் நீங்கள் எனக்கு எழுதவில்லை? எரிக்கவில்லை என்று எழுதினீர்கள். கூட நடந்தார் என்று எழுதவில்லை.

அந்த நிகழ்ச்சி வந்த பிறகு பஸ்ஸில் ஏறுகிற கல்லூரிப் பிள்ளைகள் அப்பாவுக்கு டவுசர் எரித்தவர் என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஒரு அக்கா போனைத் தூக்கிப் பிடித்து, ஏன் எரித்தீர்கள் என்று கேட்டுப் படம் எடுத்தாராம். அப்பா வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தாராம். நான் கேட்டேன், ஏன்ப்பா இல்லைன்னு சொல்லல என்று. அப்பா சொன்னது இதுதான்:

“நான் இல்லைன்னு சொன்னா அவ பொய் சொன்னவளா ஆயிருவா. அவ பொழப்பு அதுல இருக்கு.”

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். அம்மா தூங்குகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். அடுப்படியில் சின்ன லைட்டைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் கபடியை வெறுக்கவில்லை, அத்தை. ஆடி முடித்தவள் வீட்டில் நடப்பதை டிவியில் விற்றுவிடுவாள் என்று பயப்படுகிறார். நான் உங்களுக்கு எழுதிய முதல் கடிதத்தில் அவரைப் பற்றி எழுதியதெல்லாம் நீங்கள் சொன்னதைக் கேட்டு நான் நம்பியது. அதையும் நீங்கள் சீரியலில் வைத்துவிட்டீர்கள். உங்கள் பொய்யை நீங்கள் எனக்குக் கொடுத்து, நான் பயந்து திருப்பிக் கொடுத்து, அதை வாங்கி நீங்கள் அழுதிருக்கிறீர்கள்.

பிறகு அப்பா என்னைக் கேட்டார், “எந்த எடத்துல ஆடுற?” லெப்ட் கார்னர் என்றேன். “கை கோத்துச் சங்கிலி போடுவியா, தனியாப் புடிப்பியா?” என்றார். தனியாக, கணுக்காலை என்றேன். எழுந்து நின்று வலது காலை முன்னால் நீட்டினார். பிடி என்றார். டிரைவர் சட்டையோடு, கூடத்தில், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு. பிடித்தேன். இழுத்துப் பார்த்தார், வரவில்லை. இன்னும் வேகமாக இழுத்தார். கொப்பரை மூடி உருண்டு ஓடிச் சுவரில் மோதியது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. “விடுத்தா, நரம்பு இழுக்குது” என்று அப்பா சொன்ன பிறகுதான் விட்டேன்.

படிவத்தை இன்னும் திருப்பித் தரவில்லை. தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்திருக்கிறார். இன்று விடுப்புச் சொல்லிவிட்டு ஹெப்சிபா மிஸ்ஸைப் பார்க்க என்னோடு பள்ளிக்கு வருகிறார். பாதுகாவலராக வேறு யாரையாவது போட முடியுமா என்று கேட்கப் போகிறார். டீச்சரின் அக்கா சென்னையில்தான் இருக்கிறார், அவர் சம்மதிப்பார் என்று டீச்சர் என்னிடம் முன்பே சொல்லியிருக்கிறார். எல்லாம் சரியாக இருந்தால் அம்மாவுக்குப் பக்கத்தில் தானும் போடுகிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. இரண்டு முறை சொன்னார்: “இந்தா பாருத்தா. நேத்து வரைக்கும் போனது போகட்டும். இனிமே இந்த வீட்டுல நடக்குறது ஒண்ணு டிவியில வந்துச்சுன்னு வையி, இந்தப் பேப்பரும் இல்ல, அந்த ஊரும் இல்ல. அம்புட்டுத்தேன்.” நானும் சரி என்றேன். அம்மாவும் சரி என்றது.

நீங்கள் வருவதாக எழுதியதை நான் சொல்லவில்லை. சொன்னால் இப்போதே முடிந்துவிடும். சொல்லாமல் நீங்கள் வந்து நின்றால், நான்தான் வரவழைத்தேன் என்று நினைப்பார். கேமராவுக்கு முன்னால் கையெழுத்துப் போட்டாலும் போடுவார், நாலு பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கேமரா போன பிறகு கிழித்துவிடுவார். அதற்குப் பிறகு என்னோடு பேசவும் மாட்டார். உங்களோடு பேசாமல் இருக்கிற மாதிரி.

22ஆம் தேதிக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது. உங்களுக்கு என் மேல் கொஞ்சமாவது பிரியம் இருந்தால் அந்த ஆறு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வராதீர்கள். சேனல்காரர்களிடம் வேறு யாராவது ஒரு பெண்ணைக் காட்டுங்கள். நடிக்கிறவர்கள்தான் நிறைய இருக்கிறார்களே. நீங்கள் எனக்கு எழுதிய கடிதங்களைக் கிழித்துவிட்டேன். என்னுடையதை நீங்களும்

தெருவில் ஒரு வண்டி நின்றது. பால் வண்டி இல்லை, அது ஐந்து மணிக்குத்தான் வரும். கதவுகள் திறக்கிற சத்தம் கேட்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று. யாரோ மெல்லப் பேசுகிறார்கள்.

அடுப்படி ஜன்னலில் வெள்ளையாக வெளிச்சம் அடிக்கிறது. எதிர்வீட்டுச் சுவர் பகல் மாதிரி தெரிகிறது.

அத்தை, எழுதிக்கொண்டே இருக்கிறேன். நிறுத்தினால் எழுந்து போக வேண்டும். அப்பா இருமுகிறார். பாயைச் சுருட்டுகிறார். யாரு என்று கேட்கிறார். அம்மாவும் எழுந்துவிட்டது.

கதவைத் தட்டுகிறார்கள். அண்ணே என்று ஒரு குரல் கூப்பிடுகிறது, உங்கள்